தூக்கு வேண்டாம் என்றோம், பிறகு லட்டு கொடுத்தோம்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமைப்பாளர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘தூக்கா, ஆயுளா?’ என்பது. பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கிறது. நல்லவேளை, நடுவர் யாரும் இல்லை. இரண்டு பக்கமும் நானே பேசிக்கொள்ள வேண்டியதுதான். உண்மையில் நான் இரண்டு பக்கமும் நின்றவள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2017 டிசம்பர் 12. திருப்பூர் நீதிமன்றம் உடுமலை சங்கர் கொலை வழக்கில் ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. நான் அப்போது எம்.பில். படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் என் அறையில் நாலைந்து பேர் செல்போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். செய்தி வந்ததும் ஒருத்தி அழுதுவிட்டாள். உடுமலைப் பேருந்து நிலையத்தில் பட்டப்பகலில் சங்கரையும் கௌசல்யாவையும் வெட்டிய அந்த சிசிடிவி காட்சியை நாங்கள் எல்லோருமே பார்த்திருந்தோம். சாதி ஆணவக் கொலை என்றால் என்ன என்று இந்த ஊருக்கு அதுவரை யாரும் அப்படிக் காட்டியதில்லை. நான் கீழே கடைக்குப் போய் ஒரு கிலோ லட்டு வாங்கி வந்தேன். மெஸ்ஸில் எல்லோருக்கும் கொடுத்தேன். சும்மா கொடுக்கவில்லை, “ஆறு பேருக்குத் தூக்கு” என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன்.

ஒரு ஜூனியர் மட்டும் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றாள். “அக்கா, செங்கொடி யாருக்காகச் செத்தாங்கன்னு போன வாரம் நீங்கதானே எங்களுக்கு வகுப்பு எடுத்தீங்க?” என்று கேட்டாள்.

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அது வேறு, இது வேறு என்று சொன்னதாக ஞாபகம். எப்படி வேறு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

2011-ல் நான் கல்லூரி முதலாண்டு. பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவரையும் செப்டம்பர் 9 அன்று தூக்கிலிடுவது என்று நாள் குறித்துவிட்டார்கள். ஆகஸ்ட் 28 அன்று காஞ்சிபுரத்தில் செங்கொடி தீக்குளித்து இறந்தார். அந்த வாரம் நான் முதல்முறையாகத் தெருவில் இறங்கி முழக்கம் போட்டேன். ‘மரண தண்டனையை ஒழித்திடு’ என்பதுதான் என் வாயில் ஏறிய முதல் அரசியல் முழக்கம். ‘நிரபராதிக்கு மரண தண்டனை வேண்டாம்’ என்று நாங்கள் சுருக்கிச் சொல்லவில்லை. யாருக்குமே வேண்டாம் என்றோம். ஆறு வருடம் கழித்து அதே வாயால் லட்டு.

இதைத் தனிமனித முரண்பாடு என்று விட்டுவிடலாம். ஆனால் அன்று லட்டு கொடுத்தவள் நான் ஒருத்தி மட்டுமில்லை. நம் இயக்கங்கள் பலவற்றின் அறிக்கைகளை எடுத்து அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள், இந்த ஊசலாட்டம் தெரியும். அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை நான் கேலி செய்யப் போவதில்லை.

காரணம் இதுதான். இந்த நாட்டில் தண்டனை என்பது வரலாற்று ரீதியாகவே சாதிவாரியாக அளந்து கொடுக்கப்பட்ட ஒன்று. மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம், மற்றவர்களுக்கு உயிர்த்தண்டனை என்றால் பார்ப்பனருக்குத் தலையை மழித்தாலே போதும் என்று வைத்திருக்கிறது. ஒருவனுக்குக் கழுத்து, இன்னொருவனுக்கு முடி. அப்படி ஒரு மண்ணில், எங்கள் பிள்ளையைக் கொன்றவனுக்குச் சட்டத்தில் இருப்பதிலேயே பெரிய தண்டனையைக் கொடு என்று ஒரு தலித் குடும்பம் கேட்கும்போது அது ரத்தவெறி இல்லை. என் பிள்ளையின் உயிரும் மற்ற உயிருக்குச் சமம் என்று எழுதிக் கொடு என்பதுதான் அந்தக் கோரிக்கையின் பொருள். 1983-ல் மச்சி சிங் வழக்கில் உச்சநீதிமன்றமே, தாழ்த்தப்பட்ட வகுப்பினரைச் சொந்தப் பகை இல்லாமல் சமூகக் காரணத்துக்காகக் கொல்வதை, மரண தண்டனைக்குரிய அரிதினும் அரிதான குற்றவகைகளில் ஒன்றாகச் சொன்னது. 2011-ல் பகவான் தாஸ் வழக்கில் ஆணவக் கொலைகளும் அந்த வகைதான் என்றது. ஆக, கயிறு சட்டத்தில் இருக்கிறது, நமக்காகவும் இருக்கிறது என்று எழுதியும் இருக்கிறது. அப்புறம் ஏன் நாம் மட்டும் பெருந்தன்மை காட்ட வேண்டும்?

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது தமிழ்நாட்டில் இல்லை, பீகாரில். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

1992 பிப்ரவரியில் கயா மாவட்டம் பாரா கிராமத்தில் மாவோயிஸ்ட் மையத்தைச் சேர்ந்தவர்கள் பூமிகார் சாதியினர் 30-க்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். கொடூரமான படுகொலை. அதில் எந்த நியாயமும் நான் பேச வரவில்லை. வழக்கு தடா சட்டத்தில் நடந்தது. நால்வருக்குத் தூக்கு. கிருஷ்ணா மோச்சி, நன்ஹே லால் மோச்சி, பீர் குவர் பாஸ்வான், தர்மேந்திர சிங். மோச்சி, பாஸ்வான் என்ற பெயர்களே அங்கே சாதியைச் சொல்லிவிடும். தடா வழக்கு என்பதால் உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு கிடையாது, நேராக உச்சநீதிமன்றம். 2002-ல் உச்சநீதிமன்றம் தூக்கை உறுதி செய்தது. மூன்று நீதிபதிகளில் ஒருவர் அதை ஏற்கவில்லை. ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசத்தில் நாலு கழுத்து. அதன் பிறகு கருணை மனு என்ற பெயரில் அவர்கள் கயிற்றின் நிழலிலேயே பதினைந்து வருடம் கிடந்தார்கள். 2017 தொடக்கத்தில்தான் குடியரசுத் தலைவர் தண்டனையை ஆயுளாகக் குறைத்தார்.

இப்போது அதே பீகார், அதே பத்தாண்டு. 1996 ஜூலையில் பதானி டோலா. ரன்வீர் சேனா என்கிற நிலவுடைமைச் சாதிப் படை தலித்துகளும் இஸ்லாமியர்களுமான 21 பேரைக் கொன்றது. 1997 டிசம்பர் 1 இரவு லக்ஷ்மண்பூர் பாதே, 58 தலித்துகள். பெண்கள், கைக்குழந்தைகள் உட்பட. பாதே வழக்கில் விசாரணை நீதிமன்றம் 2010-ல் 16 பேருக்குத் தூக்கும் 10 பேருக்கு ஆயுளும் விதித்தது. நம்மைப் போன்றவர்கள் அன்றும் எங்காவது இனிப்பு கொடுத்திருப்பார்கள். பாட்னா உயர்நீதிமன்றம் 2012-ல் பதானி டோலா வழக்கில் தண்டிக்கப்பட்ட 23 பேரையும் விடுவித்தது. 2013 அக்டோபரில் பாதே வழக்கின் 26 பேரையும் விடுவித்தது. சாட்சிகள் நம்பத் தகுந்தவர்கள் இல்லையாம். 58 பேரை யாரும் கொல்லவில்லை.

பாராவுக்குத் தூக்கு, பாதேவுக்கு விடுதலை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாளில்தான் ‘தூக்கா, ஆயுளா’ என்கிற கேள்வி யாருடைய கேள்வி என்று எனக்குப் புரிந்தது. கொல்லப்பட்டவர் தலித் என்றால் கேள்வி தூக்கா ஆயுளா என்பதாக இருப்பதே இல்லை. ஆயுளா, விடுதலையா என்பதாகத்தான் இருக்கிறது. கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்தார்கள், உயர்நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது. ஆந்திராவின் சுண்டூரில் 1991-ல் எட்டு தலித்துகளை வெட்டி வாய்க்காலில் போட்டார்கள், 2007-ல் 21 பேருக்கு ஆயுள் வந்தது, 2014-ல் உயர்நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. கயிறு இருக்கும் வரை அது கீழே இருப்பவன் கழுத்தைத்தான் தேடும். மேலே இருப்பவனுக்கு அது செய்தித்தாளின் முதல் பக்கத்தில் வந்து, இரண்டு வருடம் கழித்து ஏழாம் பக்கத்தில் அவிழ்ந்துவிடும்.

எண்கள் வேண்டும் என்பவர்களுக்கு: டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் மரண தண்டனைக் கைதிகளைச் சிறை சிறையாகப் போய்ச் சந்தித்து 2016-ல் வெளியிட்ட அறிக்கை இருக்கிறது. தூக்குத் தண்டனை பெற்றவர்களில் 74 விழுக்காட்டினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் 24.5 விழுக்காடு. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று: விசாரணை நீதிமன்றங்கள் விதித்த தூக்குகளில் மேல்முறையீடுகளைத் தாண்டி நின்றவை 5 விழுக்காடுதான். ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் குற்றமற்றவர்கள் என்றே விடுவிக்கப்பட்டார்கள். பத்துப் பேரைத் தூக்குமேடைக்குப் போகச் சொல்லிவிட்டு, பிறகு மூன்று பேரைக் கூப்பிட்டு நீங்கள் செய்யவே இல்லை என்று சொல்கிற ஒரு அமைப்பை நம்பி நாம் நீதி கேட்கிறோம்.

2000-க்குப் பிறகு இந்தியாவில் எட்டுப் பேரைத் தூக்கிலிட்டிருக்கிறார்கள். சாதிப் படுகொலைக்காக ஒருவரும் இல்லை. தமிழ்நாட்டில் கடைசித் தூக்கு 1995-ல், சேலத்தில், ஆட்டோ சங்கருக்கு. கயிறு இங்கே முப்பது வருடமாகச் சும்மா தொங்குகிறது. அதைக் காட்டி நம்மையும் சும்மா வைத்திருக்கிறார்கள்.

சரி, தூக்கு வந்தால் என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். கயர்லாஞ்சி. 2006 செப்டம்பர், மகாராஷ்டிரா. பையாலால் போட்மாங்கேயின் மனைவி சுரேகா, மகள் பிரியங்கா, மகன்கள் சுதிர், ரோஷன் நால்வரையும் ஊரே கூடிக் கொன்றது. 2008-ல் பண்டாரா நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. தலைப்புச் செய்தி. ஆனால் அதே தீர்ப்பு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இந்த வழக்குக்குப் பொருந்தாது, இது பழிவாங்கல்தான் என்றது. 2010-ல் நாக்பூர் அமர்வு தூக்கை 25 ஆண்டாகக் குறைத்தது. பையாலால் 2017 ஜனவரியில் இறந்துபோனார். அவருக்கு ஆறு தூக்குகள் கிடைத்தன, ‘சாதி’ என்ற ஒரு சொல் கிடைக்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக ஆறு தூக்கையும் விட்டுக்கொடுத்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். அவர் அப்படி நினைத்தாரா என்பது வேறு.

உடுமலையிலும் என்ன நடந்தது? 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர்நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தையை விடுவித்தது. மற்ற ஐந்து பேரின் தூக்கு, தண்டனைக் குறைப்பு இல்லாத 25 ஆண்டு ஆயுளானது. நாங்கள் அன்று கொதித்தது எதற்கு? ‘தூக்கு போச்சே’ என்றுதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. தீர்ப்பைப் படித்த பிறகுதான் தெரிந்தது, போனது தூக்கு இல்லை, கூட்டுச்சதி என்ற குற்றச்சாட்டு. சதியை அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை என்றது நீதிமன்றம். கத்தி பிடித்தவர்கள் உள்ளே இருக்கிறார்கள். அனுப்பியது யார் என்ற கேள்வி சட்டத்தின் முன் விடையில்லாமல் நிற்கிறது. சாதிக் கொலையின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. சாதி கூலி கொடுக்கும், கார் கொடுக்கும், வக்கீல் வைக்கும், ஆனால் கத்தியில் அதன் கைரேகை இருக்காது. நாம் 2017-லிருந்து 2020 வரை கயிற்றின் நீளத்தை அளந்துகொண்டிருந்தோம். செல்போன் அழைப்புப் பதிவையும் வங்கிக் கணக்கையும் சாட்சியையும் அளந்திருக்க வேண்டும்.

கண்ணகி முருகேசன் வழக்கு இதற்கு எதிர்ப்பக்கம். 2003-ல் இருவருக்கும் வாயில் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். முருகேசன் தலித், கண்ணகி வன்னியர். உள்ளூர்க் காவல்துறை முருகேசன் தரப்பினரையே கொலையாளிகளாகச் சேர்த்து வழக்கை ஜோடித்தது. சிபிஐ வந்து, 18 வருடம் கழித்து, 2021-ல் கடலூர் நீதிமன்றம் கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கும் 12 பேருக்கு ஆயுளும் விதித்தது. அந்தப் பன்னிரண்டில் காவல்துறையினர் இருவர். 2022-ல் உயர்நீதிமன்றம் தூக்கை ஆயுளாக்கியது. 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தண்டனைகளை உறுதி செய்தது, அந்த இரு காவலர்களின் தண்டனை உட்பட. இந்த வழக்கில் எனக்குப் பெரிய செய்தி அண்ணனுக்கு வந்து போன தூக்கு இல்லை. காக்கிச் சட்டை போட்டு பொய் வழக்கு ஜோடித்தவர்கள் உச்சநீதிமன்றம் வரை போயும் தப்பவில்லை என்பதுதான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலேயே ஒரு வினோதம் உண்டு, உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தலித்தைக் கொன்றவருக்கு அந்தச் சட்டம் சொல்வது ஆயுள். பொய்ச்சாட்சி சொல்லி ஒரு நிரபராதித் தலித்தைத் தூக்குக்கு அனுப்பியவருக்கு அது சொல்வது மரணம். அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு, கயிறு யாரைத் தேடி வரும் என்பது தெரிந்திருக்கிறது.

அம்பேத்கர் என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். 1949 ஜூன் 3, அரசியல் நிர்ணய அவை. தூக்குத் தண்டனை பெற்றவர்கள் எல்லோருக்கும் உச்சநீதிமன்றத்தில் மேல்முறையீட்டு உரிமை வேண்டுமா என்று விவாதம் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பதில் மரண தண்டனையையே ஒழித்துவிடுவதைத்தான் தான் ஆதரிப்பேன் என்றார் அவர். அவர் சொன்னார் என்பதற்காக மட்டும் ஏற்கச் சொல்லவில்லை. அவர் அதைச் சொன்ன இடத்தைக் கவனியுங்கள். உணர்ச்சிப் பேச்சின் நடுவில் இல்லை, மேல்முறையீட்டு நடைமுறை என்ற வறட்டு விஷயத்தின் நடுவில் சொன்னார். பிழை நடக்கும், அது யாருக்கு நடக்கும் என்று தெரிந்த ஒரு வழக்கறிஞரின் பேச்சாக எனக்கு அது படுகிறது.

இவ்வளவும் சொன்னதால் ஆயுள் தண்டனையைக் கையில் எடுத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை. மேலவளவை நினையுங்கள். 1997 ஜூன் 30. தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேரைப் பேருந்தை மறித்து வெட்டினார்கள். 40 பேர் குற்றம்சாட்டப்பட்டு, 2001-ல் 17 பேருக்கு ஆயுள். 2008-ல் அண்ணா நூற்றாண்டு என்று சொல்லி மூன்று பேரை விட்டார்கள். 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு என்று சொல்லி 13 பேரை விட்டார்கள். தலைவர்களுக்கு நூறு வயதானால் நம் கொலையாளிகளுக்கு வீடு கிடைக்கிறது. இரண்டு கழகமும் இதில் ஒன்றுதான். ஆயுள் தண்டனை என்றால் சட்டப்படி ஆயுள் முழுதும்தான் என்று உச்சநீதிமன்றம் 1961-லேயே சொல்லிவிட்டது. 14 வருடம் என்று நாம் பேசுவது, அதற்கு முன் விடக்கூடாது என்று 1978-ல் வந்த குறைந்தபட்ச வரம்பை. ஆனால் விடுவதா வேண்டாமா என்பது அரசின் கையில் இருக்கிறது, அரசு சாதியின் கையில் இருக்கிறது. 2022 ஆகஸ்ட் 15 அன்று பில்கிஸ் பானு வழக்கின் குற்றவாளிகள் வெளியே வந்ததையும், அவர்களுக்கு மாலை போட்டதையும் பார்த்தோம். அந்த விடுதலையை 2024 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. மேலவளவுக்கு மாலை போட்டார்களா என்று கேட்காதீர்கள். மதுரைப் பக்கத்துத் தோழர்களுக்குத் தெரியும்.

இதனால்தான் கோகுல்ராஜ் வழக்கின் தீர்ப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் யுவராஜுக்குச் சாகும்வரை சிறை என்றது. 2023 ஜூனில் உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. முக்கியச் சாட்சி பிறழ்ந்த பிறகும், சிசிடிவி காட்சிகளையும் சூழ்நிலைச் சாட்சியங்களையும் ஒவ்வொரு கண்ணியாகக் கோத்துக் கிடைத்த தீர்ப்பு அது. கோகுல்ராஜின் தாய் சித்ரா விடாமல் போராடியதாலும், சிறப்பு அரசு வழக்கறிஞர் பவானி பா.மோகன் போன்றோர் இருந்ததாலும் கிடைத்தது. அங்கே தூக்கு வரவில்லை. வந்திருந்தால் மேல்முறையீட்டில் நீதிபதிகளின் கண் முழுவதும் அந்தக் கழுத்தின் மீதே இருந்திருக்கும். உயிரை எடுக்கும் தண்டனை என்றால் நீதிமன்றம் சாட்சியத்தில் ஓட்டை தேடும், தேடத்தான் வேண்டும். தலித் வழக்கில் ஓட்டையை எஃப்.ஐ.ஆர். போடும் போதே போட்டு வைத்திருப்பார்கள்.

ஆனால் இங்கேதான் நான் தடுமாறுகிறேன். ‘சாகும்வரை சிறை’ என்பதை நான் கொண்டாடலாமா? 2008-ல் சுவாமி சிரத்தானந்தா வழக்கில் உச்சநீதிமன்றம் கண்டுபிடித்த இந்த இடைநிலைத் தண்டனையை, 2015-ல் அரசியல் சாசன அமர்வு சரி என்று சொன்னது எந்த வழக்கில் தெரியுமா? ராஜீவ் கொலை வழக்கில் சிறையிலிருந்தவர்களைத் தமிழ்நாடு அரசு விடுவிப்பதை எதிர்த்து ஒன்றிய அரசு போட்ட வழக்கில். மாநில அரசுக்கு விடுவிக்கும் அதிகாரம் வேண்டும் என்று பேரறிவாளனுக்காகப் பேசியவர்கள் நாம். அதே அதிகாரத்தில்தான் மேலவளவுக் கொலையாளிகள் வெளியே வந்தார்கள். 31 வருடம் சிறையிலிருந்து 2022 மே மாதம் வெளியே வந்த பேரறிவாளனையும் அற்புதம் அம்மாளையும் தொலைக்காட்சியில் பார்த்து அழுதவள் நான். மனிதர் திருந்த முடியும், சிறை கல்லறையாக இருக்கக் கூடாது என்று நம்புகிறவள். அப்படியென்றால் யுவராஜும் ஒருநாள் கேட்பார். அன்று நான் என்ன சொல்வேன்?

என் முனைவர் பட்ட ஆய்வே இந்த முன்விடுதலை பற்றித்தான். இதைப் பற்றி நூறு பக்கம் எழுதியிருக்கிறேன், எனக்குத் தெளிவைக் கொடுத்தது அதில் ஒரு பக்கமும் இல்லை. ஒரு அத்தை கொடுத்தார். ஊர் பெயர், அவர் பெயர் வேண்டாம். அவருடைய மகனைச் சாதிக்காக வெட்டினார்கள். வெட்டியவர்களில் இரண்டு பேருக்கு ஆயுள். நான் ஆய்வுக்காகக் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு போனேன். தூக்கு கிடைத்திருந்தால் உங்களுக்கு நிறைவாக இருந்திருக்குமா என்று, பல்கலைக்கழகக் குழு ஒப்புதல் கொடுத்த வாக்கியத்தில் அப்படியே கேட்டேன். அவர் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

“தூக்குல போட்டாங்களா போடலையான்னு நான் நெனைக்கிறதே இல்ல தாயி. அவன் லீவுல வர்றான்ல. போன பொங்கலுக்கு வந்தான். அவங்க தெரு முக்குல வெடி போட்டாங்க. நான் மூணு நாளு ரேசன் கடைக்குப் போகல.”

அவ்வளவுதான் சொன்னார். புடைப்பதை நிறுத்தவில்லை.

விடுப்பில் வருவது கைதியின் உரிமை, அதை நான் மறுக்க மாட்டேன். அந்த வெடிதான் என்னைத் தொந்தரவு செய்தது. அவன் வருவது அவர்களுக்குத் திருவிழா, இவருக்கு ஊரடங்கு. விடுப்பு கொடுப்பதற்கு முன்னால் ஊருக்கு வந்து விசாரித்திருக்கிறார்கள். கைதியின் வீட்டில் விசாரித்தார்கள், அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள், ஆட்சேபணை இல்லை என்று எழுதினார்கள். எல்லாம் அந்தத் தெருவிலேயே முடிந்துவிட்டது. இந்தத் தெருவுக்கு யாரும் வரவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016-ல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் 15ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பிணை, பரோல், விடுதலை, தண்டனை எதுவாக இருந்தாலும் அந்தச் சட்டத்தின் கீழ் நடக்கும் நடவடிக்கையில் பாதிக்கப்பட்டவர் தன் பேச்சைச் சொல்ல உரிமை உண்டு என்கிறது. அந்த அத்தைக்கு அப்படியொன்று இருப்பதை யாரும் சொல்லவில்லை. நாம் சொல்லவில்லை. நாம் எங்கே இருந்தோம்? தூக்கு வேண்டும் என்று போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தோம்.

எனக்கு இப்போது கிடைத்திருக்கும் பிடி இது. ஒரு கைதி திருந்தினாரா, வெளியே வரலாமா என்று அரசு கேட்கட்டும். பேரறிவாளனுக்குக் கேட்டது போல எல்லோருக்கும் கேட்கட்டும். ஆனால் சாதிக்காகக் கொன்றவர் விஷயத்தில் அந்தக் கேள்வியை அவர் வீட்டுத் தெருவில் மட்டும் கேட்கக் கூடாது. அவர் சாதிச் சங்கத்தின் மாலையை மறுப்பாரா என்று கேட்க வேண்டும். வெளியே வந்தால் அந்த அத்தை ரேசன் கடைக்குப் போக முடியுமா என்று கேட்க வேண்டும். தலைவர் பிறந்தநாளுக்கு மொத்தமாகத் திறந்துவிடுவதை நிறுத்த வேண்டும். இதில் இன்னும் எனக்கு ஓட்டைகள் தெரிகின்றன. கேள்வி நேரத்தில் நீங்கள் பிடித்துக் கேளுங்கள்.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சாதி, மதம் போன்ற காரணத்துக்காகக் கொன்றால் தூக்கு அல்லது ஆயுள் என்று தனிப்பிரிவு வைத்திருக்கிறார்கள். சாதாரணக் கொலைக்கும் அதே தூக்கு அல்லது ஆயுள்தான். தண்டனை அளவில் புதிதாக ஒன்றும் இல்லை, காகிதம்தான் கூடியிருக்கிறது. அதைக் காட்டி, ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் எதற்கு என்று யாராவது உங்களிடம் வந்தால் ஏமாறாதீர்கள். தனிச்சட்டத்தில் நாம் கேட்க வேண்டியது கயிறு இல்லை. காதலர்கள் ஓடி வந்து நிற்கும் காவல் நிலையம் அவர்களைப் பெற்றோரிடம் ஒப்படைத்தால் அந்த ஆய்வாளருக்கு என்ன தண்டனை, கொலைக்கு முன்னால் நடந்த சாதிக் கூட்டத்துக்கு என்ன தண்டனை, சாட்சிக்கு எத்தனை வருடம் பாதுகாப்பு, இதையெல்லாம் கேட்க வேண்டும்.

அந்த ஜூனியர் இப்போது வழக்கறிஞர். போன மாதம் அவளும் நானும் சேர்ந்து அத்தையின் பெயரில் ஒரு மனு எழுதினோம். அடுத்த முறை விடுப்பு மனு வரும்போது, உத்தரவு போடுவதற்கு முன் அத்தையையும் கேட்க வேண்டும் என்று. மனுவை நேரில் கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்கி வர வேண்டும். அத்தை தனியாகப் போகப் பயப்படுகிறார். அதே பேருந்தில் அவர்கள் ஆட்களும் வருவார்கள். வரும் திங்கட்கிழமை காலை ஆறரை மணிப் பேருந்து. நாங்கள் இரண்டு பேர் போகிறோம். இன்னும் ஐந்தாறு பேர் வந்தால் நல்லது. கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.